டிங் வர வேண்டிய இடத்தில் குவாக்

வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்வது என் தொழில். மேடையில் வாத்துச் சத்தம் எழுப்புவது என் கலை. யாராவது என்னைப் பற்றி விசாரித்தால் தொழிலைப் பற்றி ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டு, கலையைப் பற்றி அவர் கொட்டாவி விடும்வரை பேசுவேன். அப்படிப்பட்ட ஆள் நான். இனி சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, 'இவனுக்கு நல்லா வேணும்' என்று நீங்கள் நினைத்தாலும் தப்பில்லை. என் மனைவியே பலமுறை அப்படிச் சொல்லியிருக்கிறாள்.

எங்கள் குழுவில் மூன்றே பேர். பாடுவது என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். கோர்ட்டில் வழக்குக்கு வந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவர் வேலை. மூன்று மாடிக்கும் கேட்கிற குரல். அவர் கூப்பிட்டால் குற்றம் செய்யாதவனுக்கும் முழங்கால் நடுங்கும் என்பார்கள். கீபோர்டு வாசிப்பது ஒரு மியூசிக் டீச்சர். பள்ளிக்கூடத்தில் முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் தப்பாகப் பாடுவதைத் தினமும் கேட்டுக் கேட்டு, எதற்கும் அசையாத முகம் வாங்கியவர். மூன்றாவது ஆள் நான். என் முன்னால் ஒரு நீள மேஜை. அதன் மேல் மணி, ரப்பர் பம்ப் வைத்த பழைய கார் ஹாரன், வாத்து விசில், குதிரை ஓட்டத்துக்கு இரண்டு கொட்டாங்குச்சி, கிறீச்சிடும் ஒரு கதவுக் கீல், உடைந்த பீங்கான் தட்டுகள் நிரப்பிய தகரப் பெட்டி, தண்டை இழுத்தால் உயரத்திலிருந்து வழுக்கி விழுவது போல 'ஹூ...ய்' என்று இறங்கும் ஒரு விசில், இன்னும் பத்துப் பதினைந்து சாமான்கள்.

மச்சான் எழுதும் பாட்டெல்லாம் காதல் தோல்வி. கண்ணை மூடி, கையை நெஞ்சில் வைத்து, "உன் பார்வை பட்டதும் என் உள்ளத்தில் ஒரு மணி ஒலித்தது" என்று உருகுவார். அங்கே நான் 'டிங்' என்று அடிக்க வேண்டும். "என் இதயம் நொறுங்கியது" என்றால் தகரப் பெட்டியைக் கீழே போட வேண்டும். இவ்வளவுதான் வேலை. கேட்பதற்குச் சுலபம்.

நடந்தது என்னவென்றால், 'டிங்' வர வேண்டிய இடத்தில் 'குவாக்' வரும். பதறிப்போய் அடுத்ததை எடுத்தால் 'பாம்' என்று ஹாரன். மணியைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் மச்சான் அடுத்த வரிக்குப் போய், "பெற்ற தாயும் என்னைக் கைவிட்டாள்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார். அப்போது போய்ச் சேரும் என் 'டிங்'. மச்சான் கழுத்தை மட்டும் மெல்லத் திருப்பி என்னைப் பார்ப்பார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

ஆறு வருடமாக இதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் தெரியுமா? பாட்டு நன்றாக இருக்கிறது, என் சத்தங்கள் அதைவிட நன்றாக இருக்கின்றன, அங்கங்கே கை தடுமாறினாலும் நான் அதை யாருக்கும் தெரியாமல் சமாளித்துவிடுகிறேன். ஒரு கல்லூரிப் பத்திரிகைக்குப் பேட்டிகூடக் கொடுத்திருக்கிறேன். "சத்தத்துக்கு உயிரே நேரம்தான். அரை விநாடி பிசகினால் சிரிப்பு செத்துப்போகும்." நான் சொன்னதுதான். அந்தப் பக்கத்தை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்தேன்.

விஷயம் உடைந்தது ஒரு வாஷிங் மெஷினால்.

ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி, எட்டாம் நம்பர் வீடு. துணி பிழியும்போது மெஷின் குதிக்கிறது என்று புகார். போனேன். மணியடித்தேன். ஒரு பெரியவர் கதவைத் திறந்தார். "மெஷின் எங்க சார்?" என்றேன். கையைக் காட்டினார். ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்டேன்.

"இது நல்லாத்தானே ஓடுது?" என்றார் பெரியவர்.

"உங்க காதுக்கு அப்படித்தான் இருக்கும் சார். உள்ள பேரிங் அழுவுறது எனக்கு மட்டும்தான் கேக்கும்."

அவர் பாவம், நம்பிவிட்டார். மெஷினைச் சுவரிலிருந்து இழுத்து, பின்பக்கத் தகட்டைக் கழற்றி, ஒன்றரை மணி நேரம் வேலை செய்தேன். எல்லாவற்றையும் மூடியபின் தரையில் ஒரு போல்ட் மீதி இருந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மெஷினை ஓடவிட்டேன். அது குளியலறையிலிருந்து கிளம்பி, கூடத்தைத் தாண்டி, வாசல் பக்கம் நடக்க ஆரம்பித்தது. நானும் பெரியவரும் ஆளுக்கொரு பக்கம் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும்போது கம்பெனியிலிருந்து போன். எட்டாம் நம்பர் வீட்டுக்காரம்மா காலையிலிருந்து காத்திருக்கிறாராம். நான் நின்றுகொண்டிருந்தது மூன்றாம் நம்பர் வீட்டில்.

அன்று சாயங்காலமே மனைவி என்னைக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். நான் படித்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அது எங்க நர்ஸோட சட்டை. பலகை இந்தப் பக்கம் இருக்கு" என்றார்.

கண்ணாடிக்கு அளவு எழுதிக் கொடுத்த விஷயம் மச்சானுக்கு எப்படியோ போய்விட்டது. உடனே போன் செய்தார்.

"மாப்ள, கண்ணாடியெல்லாம் இப்ப எதுக்கு? அடுத்தடுத்து நாலு புரோகிராம் இருக்கு. முடியட்டுமே."

"இல்ல மச்சான், ஆர்டர் குடுத்தாச்சு."

"புதுக் கண்ணாடி போட்டா தலை சுத்தும். மேடையில மயங்கி விழுந்துட்டீங்கன்னா?"

என் மேல் இவருக்கு எவ்வளவு அக்கறை என்று நெகிழ்ந்துபோனேன். போனை வைத்துவிட்டு மனைவியிடம் சொன்னேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி மட்டும் பலகையில் கொஞ்சம் அதிகமாகவே சத்தம் போட்டது.

கண்ணாடி வந்தது. உலகத்துக்கு ஓரங்கள் இருப்பது அன்றுதான் தெரிந்தது. மரத்தில் இலை இலையாக இருந்தது. என் முகத்தில் எனக்குத் தெரியாமல் நிறைய நடந்திருந்தது.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் பஸ் ஊழியர் சங்கத்தின் ஆண்டு விழா. பெரிய மண்டபம், எண்ணூறு பேர். மேடையேறினேன். மேஜையில் ஒவ்வொரு சாமானும் பளிச்சென்று தெரிந்தது. இன்றைக்கு நான் யார் என்று காட்டிவிடுகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"உன் பார்வை பட்டதும் என் உள்ளத்தில் ஒரு மணி ஒலித்தது..."

டிங்.

அப்படி ஒரு டிங் நான் வாழ்நாளில் அடித்ததில்லை. ஊசி குத்தியது போல அதே இடத்தில் விழுந்தது. "வாசலில் உன் குதிரை வந்து நின்றது" என்றார், கொட்டாங்குச்சி நாலே தட்டில் வந்து நின்றது. "என் இதயம் நொறுங்கியது" என்றார், பெட்டி நொறுங்கியது. ஒன்றுகூடப் பிசகவில்லை.

யாரும் சிரிக்கவில்லை.

முன்வரிசையில் ஒரு டிரைவர் பக்கத்து சீட்காரரிடம் ஏதோ கேட்டார். அவர் தோளைக் குலுக்கினார். ஒரு கண்டக்டர் அம்மா மரியாதைக்காகக் கை தட்டிவிட்டு, தனியாகத் தட்டுகிறோம் என்று தெரிந்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டார். எல்லா முகமும் எனக்குத் தெரிந்தது. கூட்டம் என்பது எனக்கு இதுவரை சிரிக்கிற ஒரு மங்கல் மட்டும்தான். இப்போது அதற்கு எண்ணூறு முகம், ஆயிரத்து அறுநூறு கண், ஒன்றிலும் சிரிப்பில்லை.

இடைவேளை விட்டதும் நான் தண்ணீர் குடிக்கத் திரைக்குப் பின்னால் போனேன். திரையின் இடுக்கு வழியாக மேடை தெரிந்தது. மியூசிக் டீச்சர் என் மேஜைக்குப் பக்கத்தில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு மணியை எடுத்து மேஜையின் கோடியில் வைத்தார். மணி இருந்த இடத்தில் வாத்து விசிலை வைத்தார். ஹாரனையும் கீலையும் இடம் மாற்றினார். தினமும் செய்கிற வேலை போல, அலமாரி அடுக்குகிற மாதிரி, வெகு சாதாரணமாக.

நான் போய் நின்றேன்.

"டீச்சர், என்ன பண்றீங்க?"

அசையாத அந்த முகம் முதல் தடவையாக அசைந்தது. "உங்க மச்சான் சொல்லித்தான்..." என்று ஆரம்பித்தவர், பாதியிலேயே விட்டுவிட்டார்.

"எவ்வளவு நாளா?"

"முதல் வருஷத்துலேர்ந்து."

மச்சான் சட்டை மாற்றிக்கொண்டிருந்த அறைக்குள் போனேன். நாங்கள் இரண்டு பேரும் சண்டையிலும் 'ங்க' விடாத குடும்பம்.

"என் மேஜையைக் கலைக்கச் சொன்னீங்களா?"

அவர் பொத்தானைப் போட்டு முடித்துவிட்டுத்தான் பேசினார். "மாப்ள, கோவப்படாதீங்க. ஆரம்பத்துல நீங்களாத்தான் தப்பு பண்ணுனீங்க. ஜனங்க அதுக்குத்தான் சிரிச்சாங்க. அப்புறம் உங்களுக்கு மேஜை பழகிடுச்சு. தப்பு குறைய ஆரம்பிச்சுது. நான் என்ன பண்ணட்டும்?"

"அப்ப என் சத்தம்?"

"சத்தம் சத்தம்தான். அது யாரு வேணா பண்ணலாம். ஆனா வாத்து கத்துனதும் உங்க முகம் போகுது பாருங்க, அது கோடி குடுத்தாலும் வராது. அதுக்குத்தான் கூட்டமே வருது."

ஒருவன் ஆறு வருடமாகத் தன்னைக் கலைஞன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அவன் உண்மையில் மேடைக்கு வைத்த ஒரு வாழைப்பழத் தோல். இதை அவன் தெரிந்துகொள்ளக் கிடைத்தது ஒரு மண்டபத்தின் பின்னறை, ஒரு டியூப் லைட், மாட்டியிருக்கும் நான்கு சட்டைகள். நான் வெளியே வந்து, இரண்டாம் பாதியையும் ஒரு பிசகில்லாமல் வாசித்துவிட்டு, எண்ணூறு பேரைச் சிரிக்காமல் வீட்டுக்கு அனுப்பிவைத்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொட்டினேன். அவள் கேட்டுவிட்டு, "எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"எல்லாந்தான். ரெண்டு வருஷமா அண்ணன்கிட்ட சண்டை போட்டுட்டிருக்கேன், இவருக்குக் கண்ணைக் காட்டணும்னு. சீசன் முடியட்டும் சீசன் முடியட்டும்னு தள்ளிட்டே போனாரு. நானும் விட்டுட்டேன். தப்பு என் மேலயும் இருக்கு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்க ஒவ்வொரு புரோகிராம் முடிஞ்சு வரும்போதும் முகம் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. நான் எப்படிங்க சொல்றது?"

சட்டம் போட்ட பேட்டியைக் கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் வைத்தேன். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாக, முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லியனுப்பினேன். அடுத்த புரோகிராமில் என் இடத்தில் கீபோர்டிலேயே சத்தங்களைப் பதிந்து வைத்து டீச்சர் பட்டனை அழுத்தினாராம். எல்லாம் சரியாக வந்ததாம். ஒருவரும் சிரிக்கவில்லையாம். இதை டீச்சரே வீட்டுக்கு வந்து சொன்னார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "நான் செஞ்சது தப்பு. பிள்ளைங்க செஞ்சா முட்டி போட வச்சிருப்பேன்" என்றார். எனக்கு அவர் மேல் கோபம் போய்விட்டது. மச்சான் மேல் போகவில்லை.

"அடுத்த வாரம் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குப் புரோகிராம் இருக்கு" என்றார் டீச்சர். "ஒத்துக்கிட்டாச்சு. வருவீங்களா?"

வருகிறேன் என்றேன். டீச்சரின் முகத்தில் நிம்மதி. என் மனசில் இருந்தது தெரிந்தால் அந்த நிம்மதி வந்திருக்காது. நான் போக நினைத்தது பெருந்தன்மையால் அல்ல. ஒரு தப்புகூட விடாமல் வாசித்து, மச்சானின் சிரிப்புப் பாட்டையெல்லாம் இழவு வீட்டுப் பாட்டாக மாற்றிவிட்டு வர வேண்டும் என்பதுதான் திட்டம். சுத்தமாக வாசித்துப் பழிவாங்க நினைத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஆஸ்பத்திரியின் சாப்பாட்டு ஹாலில் மேஜைகளை ஓரங்கட்டி மேடை போட்டிருந்தார்கள். நர்சுகள், வார்டு ஆட்கள், ஆம்புலன்ஸ் டிரைவர்கள், சமையல்காரர்கள். பாதிப் பேர் யூனிஃபார்மிலேயே வந்திருந்தார்கள். மச்சான் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டேன்.

முதல் பாட்டு என் திட்டப்படியே போனது. டிங், டக்டக், நொறுக். ஹாலில் யாரோ ஸ்பூனைக் கீழே போட்டதுகூடக் கேட்டது. மச்சானின் கழுத்தில் வேர்வை இறங்கியது. எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

இரண்டாவது பாட்டில் ஒரு உச்ச ஸ்வரம் வரும். என் கை சும்மா இருக்க வேண்டிய இடம். வழக்கமாக அந்நேரம் நான் மேஜை மேல் குனிந்து அடுத்த சாமானைத் தேடிக்கொண்டிருப்பேன். அன்று தேட ஒன்றுமில்லாததால் நிமிர்ந்து மச்சானைப் பார்த்தேன். ஆறு வருடத்தில் அவர் பாடுவதை நான் முதல் தடவையாகத் தெளிவாகப் பார்த்தேன்.

ஸ்வரம் ஏற ஏற அவருடைய குதிகால் தரையைவிட்டு ஏறியது. கூடவே புருவமும் ஏறியது. தொப்பை உள்ளே போனது. பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவுக்கு இடம் விழுந்தது. உச்சியில் அப்படியே நின்றார். பிறகு மூச்சு தீர்ந்து எல்லாம் ஒன்றாக இறங்கியது. குதிகால், புருவம், கடைசியில் தொப்பை.

நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். கோபம் இருந்தது, கையில் அந்த வழுக்கு விசில் இருந்தது. தொப்பை இறங்கும்போது தண்டை இழுத்தேன்.

ஹூ...ய்.

முன்வரிசையில் ஒரு வார்டு ஆள் 'பக்'கென்று சிரித்தார். அப்புறம் ஒரு நர்ஸ். மச்சான் என்னவென்று புரியாமல் கழுத்தைத் திருப்பினார். கழுத்து திரும்பும்போது கதவுக் கீலைத் திருப்பினேன். கிறீ...ச். ஹால் அதிர்ந்தது. அவர் சட்டென்று முன்பக்கம் திரும்பினார். கிறீச். கையை நெஞ்சில் வைத்தார். பாம். எடுத்தார். பாம். பாட்டு நிற்கக் கூடாதே என்று அவர் பாடிக்கொண்டே இருந்தார். எங்கே கையை வைத்தால் எங்கே சத்தம் வருமோ என்ற பயத்தில், கோர்ட்டையே நடுங்கவைக்கிற மனுஷன் சிலை மாதிரி நின்று உதட்டை மட்டும் அசைத்தார். கண்ணிமை மட்டும் ஒரு தடவை மூடித் திறந்தது.

டிங்.

ஒரு ஆம்புலன்ஸ் டிரைவர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டார். டீச்சர் கீபோர்டு மேல் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது.

புரோகிராம் முடிந்து ஜனங்கள் வந்து மச்சானின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் எல்லோருக்கும் நன்றி சொன்னார். என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் காரில் ஏறிப் போய்விட்டார். ஜெயித்த சந்தோஷம் எனக்கு வீட்டு வாசல்வரைகூட நிற்கவில்லை. செருப்பைக் கழற்றும்போது, அவர் ஆறு வருடத்தில் செய்ததை நான் அரை மணி நேரத்தில் செய்திருக்கிறேன் என்று தோன்றியது. அதுவும் என் மேஜையைக் கலைத்தபோது அவருக்குக் குழுவைப் பற்றிய கவலையாவது இருந்தது. எனக்கு அதுகூட இல்லை.

எட்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. ஒன்பதாம் நாள் சாயங்காலம் மச்சான் வந்தார். மனைவி இரண்டு டம்ளர் டீயை எங்கள் நடுவே வைத்துவிட்டு, "பேசி முடிச்சிட்டுக் கூப்பிடுங்க, அதுவரைக்கும் வெளியில வரக்கூடாது" என்று கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

மச்சான் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் தொப்பை அவ்வளவு ஆடுதா மாப்ள?"

"ஆடுது மச்சான்."

"குதிகாலு?"

"அதுவும்."

"இத்தனை வருஷம் யாரும் சொல்லலியே."

"எனக்கும்தான் யாரும் சொல்லல."

அவர் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டார். "மன்னிச்சுக்குங்க. உங்களை வச்சு நான் பண்ணுனது சரியில்ல. உங்ககிட்டச் சொல்லிட்டுப் பண்ணியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா என் முகம் அப்படிப் போயிருக்காது. நானும் அன்னிக்குச் சொல்லாமத்தானே அடிச்சேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். எனக்குக் கை பரபரத்தது, பக்கத்தில் சாமான் ஒன்றும் இல்லை.

அன்று முடிவானது இதுதான். மேஜையை யாரும் தொடக்கூடாது. எந்தப் பாட்டில் எங்கே அடிக்கப்போகிறேன் என்று நான் சொல்லமாட்டேன், அவரும் கேட்கக்கூடாது. கடைசியில் அவர் ஒன்று கேட்டார். "முடிவுல ஒரு பாட்டு மட்டும் எனக்கு விட்டுருங்க மாப்ள. உங்க அத்தை, அதான் எங்க அம்மா, போனப்புறம் எழுதினது. யாருக்கும் பாடிக் காட்டல. அதுல சிரிப்பு வேண்டாம்."

சரி என்றேன். உள்ளுக்குள் பயம்தான். எங்கள் கூட்டம் சோகப் பாட்டைக் கேட்டால் எப்போது ஹாரன் வரும் என்றுதான் காத்திருக்கும்.

அதை முதலில் பாடியது ஒரு அச்சகத் தொழிலாளர் விழாவில். அதுவரை மச்சானின் ஒவ்வொரு அசைவுக்கும் சிரித்து ஓய்ந்திருந்தார்கள். அவர் ஆரம்பித்ததும் எதிர்பார்த்தபடியே நாலைந்து பேர் முன்கூட்டியே சிரித்தார்கள். எல்லோருடைய கண்ணும் என் கைக்கு வந்தது. நான் மேஜையை விட்டு இரண்டடி பின்னால் தள்ளி, கையைப் பின்பக்கம் கட்டிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவர்கள் கண் என்னை விட்டுவிட்டு அவரிடம் போனது.

வெறும் பாட்டு. சாதாரண வார்த்தைகள். ஒருவருடைய துணியை மடித்து வைப்பது, ஒரு டம்ளரைக் கழுவி வைப்பது, யாரும் இல்லாத அறையில் விளக்கைப் போடுவது. குதிகால் ஏறியது, தொப்பை இறங்கியது, எல்லாம் நடந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

ஆறு வருடமாக அவருக்கு நாலடி தள்ளி நின்றிருக்கிறேன். மணி எங்கே, வாத்து எங்கே என்று தேடிக்கொண்டே இருந்ததில், இந்த மனுஷனுக்கு இப்படி ஒரு குரல் என்று எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது. பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். கை தட்டுவதற்கு எல்லோருக்கும் முன்னால் ஆரம்பித்தது நான்தான். அவசரத்தில் கடைசி வரிக்கு முந்தின வரியிலேயே ஆரம்பித்துவிட்டேன். மச்சான் கழுத்தை மெல்லத் திருப்பி என்னைப் பார்த்தார். பிறகு அந்தக் கடைசி வரியையும் நிதானமாகப் பாடி முடித்தார்.